மகள் தனியாகப் போன பேட்டி

செவ்வாய், இரவு

மகள் ஜெசிந்தா தானே எழுதிப் பாடும் பாட்டுகளைப் பற்றி வானொலியில் இன்று மூன்றாவது பேட்டி. முதல் இரண்டிலும் அவள் வாய் திறக்காததால் கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். இந்த முறை, "அப்பா, நீங்கள் வராதேங்கோ" என்று தனியாகப் போய்விட்டாள். பேசுவாளோ மாட்டாளோ என்று எனக்குக் கவலை.

எங்கள் அரிப்பு ஊர்க் கடற்கரையில் வலையிலிருந்து மீன் கழற்றியபடி எல்லாரும் வானொலியைக் கேட்டோம். நன்றாகவே பேசினாள்.

"அண்ணை, இண்டைக்கு உங்கட குரல் இல்லை, நிம்மதி" என்றான் பக்கத்து வள்ளக்காரன் சூசை.

பாட்டு நல்லதென்று எப்படித் தெரியும் என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"அப்பாவுக்குப் பாடிக் காட்டுவன். அவர் நித்திரையானால் கிழிச்சுப்போடுவன்."

கரையே சிரித்தது. எல்லாரையும் விட நான்தான் கூடச் சிரித்தேன்.

இப்போது அடுத்த அறையில் புதுப் பாட்டுத் தொடங்கிவிட்டாள். எனக்குக் கண் சொக்குகிறது. நல்ல பாட்டு, கிழிபடக் கூடாது. எழும்பி முகம் கழுவப் போறன்.