டிஸ்க்குக்கு வைத்த குங்குமம்

பிரிஞ்சாங்,
8.10.1987

அன்பு மகள் ஜெயாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் வீட்டில் எல்லாரும் சுகம், தங்கச்சிக்கு இருமல்கூட விட்டுவிட்டது. லண்டன் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உங்கப்பா செய்த கூத்தைக் கேள். போன வாரம் ஆயுத பூசை. ஆபீஸ் பியூன் ஆச்சே, வருசா வருசம் தராசு, லோரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது அவர்தான். கம்ப்யூட்டரை மட்டும் விடுவாரா? அதற்கும் மாலை போட்டு, போதாதென்று பெட்டியில் இருந்த டிஸ்க்கை ஒவ்வொன்றாக எடுத்து, உறையில் ஓட்டை விட்டுப் பளபளவென்று தெரியுமே, அந்த இடத்தில் ஈரச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கிறார். மறுநாள் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கம் ஒன்றை உள்ளே தள்ள, மெசின் கறகறவென்று கத்திவிட்டு நின்றே போச்சு. எஸ்டேட் ஆட்கள் அத்தனை பேரும் பறித்த தேயிலைக் கொழுந்துக் கணக்கும் அந்த டிஸ்க்குகளில்தான். மேனேஜர் துரை வந்து பார்த்துவிட்டு, காளிமுத்து, இனி உனக்கு இங்க வேலை இல்ல, வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார். எஸ்டேட் கொடுத்த இந்த லயத்து வீடும் போனால் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பேன்?

அப்போதுதான் அமிர்தலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு, தொரை, ஜெயா செஞ்சு குடுத்த புரோகிராம் இருக்கே லா என்றானாம். போன காலேஜ் லீவில் வந்தபோது செய்தாயே, ஆபீஸ் கம்ப்யூட்டரையும் ஃபேக்டரி கம்ப்யூட்டரையும் ஒத்துப் பார்த்து, எதில் புதுசு இருக்கிறதோ அதை மற்றதிலும் போட்டு இரண்டையும் ஒன்றுபோல ஆக்குமே, அதேதான். அதற்காகச் சாயங்காலம் தவறாமல் டிஸ்க்கை மோட்டார் சைக்கிளில் ஃபேக்டரிக்குக் கொண்டுபோவது உங்கப்பா. பூசைக்கு முந்தின நாள் அப்படி ஒரு மழை. நாளைக்குப் போலாம்லா என்று கிராணியே சொன்னானாம். இவர் கேட்கவில்லை, ஒரு நாளும் விடக்கூடாதுன்னு மக சொல்லியிருக்கா என்று பிளாஸ்டிக்கில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஃபேக்டரியில் திறந்து பார்த்தால், பூசை லீவுக்கு முந்தின கடைசி நாள் கொழுந்துவரைக்கும் அப்படியே இருக்கிறது! துரைக்குக் கோபம் இறங்கி, பூசை போடு, ஆனா மெசினுக்கு வெளியே போடு என்று சிரித்துவிட்டாராம். வேலையும் தப்பியது, வீடும் தப்பியது. பெற்ற வயிறு குளிர்ந்து போச்சு கண்ணு, உனக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு உனக்கென்று முறுக்கு சுட்டுக் கொடுத்திருக்கிறாள், பார்சலில் வரும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. தீபாவளிக்குப் புதுசு உடுத்திப் படம் பிடித்து அனுப்ப மறந்துவிடாதே. ஆத்தா உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ருக்குமணி

இன்னொன்று. பொட்டப்பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பாதே என்று சண்டை போட்டு, நீ போனதிலிருந்து ஒரு கடிதத்திலும் ஒரு வரி எழுதாத மனுசன், இப்போது வந்து என் பேனாவைப் பிடுங்குகிறார். கீழே இருப்பது அவர் எழுத்து.

ஜெயா கண்ணு, நீ போனது நல்லதுதான்.
அப்பா காளிமுத்து