ஆறு நூல் பிசகு

திருவண்ணாமலை
4-11-1982

அன்புள்ள வேணுவுக்கு,

இந்தக் கையெழுத்து உனக்குப் பழக்கம்தான். இரண்டு வருஷமாக உன் அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறவள் நான். இன்று அவர் சொல்லாமல், அவருக்குத் தெரியாமல், நானாக எழுதுகிறேன், அதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. பிலாயில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மா இருந்த வீட்டுக்கு நான் வந்தபோது என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நீ கூப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டாய். அதில் தப்பில்லை, உன்னைவிட எனக்கு ஏழு வயதுதான் கூட. பரண்மேல் இருந்த உன் ஜியாமெட்ரி பாக்ஸைக் கேட்காமல் எடுத்துவிட்டேன், அதையும் பொறுத்துக்கொள். காம்பஸ் திருகு துருப்பிடித்துக் கிடந்தது, எண்ணெய் விட்டுச் சரிசெய்து வைத்திருக்கிறேன்.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது, பட்டறையில் பாதி நாள் கரண்ட் இல்லை, ஆனால் இப்போது கவலை அதுவல்ல. செங்கம் ரோட்டில் அய்யூப் சாயபு கட்டுகிற லாட்ஜுக்கு முகப்பு ஜன்னல் கிரில் நம் பட்டறைக்கு வந்தது. மூன்றடி அகல வளையம், உள்ளே ஐந்து முனை நட்சத்திரம். வளையத்தில் ஐந்து புள்ளி வைக்க உன் அப்பா ஒரு கணக்கு வைத்திருக்கிறாரே, ஆரத்தோடு அதில் ஆறில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது, பதினெட்டு அங்குலத்துக்கு இருபத்தொன்று, அது சின்ன வென்டிலேட்டருக்குச் சரியாக வரும். உண்மையில் வருவதில்லை, பிசகை வெல்டிங் மூடிவிடுகிறது. மூன்றடியில் மூடவில்லை. நாலு பக்கம் இருபத்தொன்று வந்து ஐந்தாவது மட்டும் ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம், அதிகமாக நிற்கிறது. சாயபு தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்னா மேஸ்திரி, உன் நட்சத்திரம் ஒரு காலை நீட்டிக்கினு நிக்குதே, யாரை உதைக்கப் போவுது என்று கேட்டாராம். சித்தாள்கள்கூடச் சிரித்தார்களாம். இரண்டாவது செய்ததும் அப்படியே. தீபத்துக்குக் கொடியேறதுக்குள்ள சரியா வர்லன்னா வேலூர்ல செஞ்சிக்கிறேன், தப்பா நெனைக்காதே மேஸ்திரி என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கோபமெல்லாம் முருகையன் மேல் திரும்பியது. பதினோரு வருஷம் கூட இருந்து வெல்டிங் வைத்தவரை, உனுக்குக் கண்ணு போச்சுடா, புள்ளி வெக்கத் தெரியல, ஊட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார். அவர் வைத்த புள்ளிகளை நான் அளந்து பார்த்தேன். நாலும் இருபத்தொன்று, மயிரிழை பிசகில்லை. கணக்குதான் தப்பு. சோறு போடும்போது இதைச் சொன்னேன். இது பேப்பர் இல்லம்மா, இரும்பு, காலேஜ் கணக்கு இதுல ஓடாது, ரசத்தை ஊத்து என்றார். ஊற்றினேன். கீழ்பென்னாத்தூரில் எங்கள் குடும்பத்தில் முதல் முதலாக பி.எஸ்ஸி. கணக்கு முடித்தவள், ரசத்தை ஊற்றினேன். நேற்று விடிந்ததும் பட்டறைத் தரையில் சாக்பீஸும் சணலும் வைத்து நிஜ அளவிலேயே போட்டேன். வட்டம், குறுக்கே விட்டம், மையத்திலிருந்து செங்குத்தாக மேலே ஓர் ஆரம். விட்டத்தின் வலது பாதிக்கு நடுவில் சணலை ஊன்றி, மேல் முனை வரை நீட்டி, அதே அளவில் சுற்றி இடது பாதியில் இறக்கினேன். இறங்கின இடத்திலிருந்து மேல் முனை வரை உள்ள தூரம்தான் வேண்டிய பக்கம். இருபத்தொரு அங்குலமும் ஒரு நூலுக்குச் சற்றுக் கூடவும் வந்தது. அதை வைத்து வட்டத்தின் மேல் ஐந்து தடவை அளந்து போனால் தொடங்கின புள்ளியிலேயே வந்து விழுந்தது. அப்போது உன் அப்பா பல்குச்சியோடு வந்தார். பட்டறைல கோலம் போட்டியா, நல்லதுதான், இனிமேலாவது வேலை கூடி வரட்டும் என்று சொல்லி, அதன் மேலேயே கம்பிக் கட்டை இழுத்துப் போட்டார். கோலம் இல்லை என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். எனக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. அவர் மேல் வந்ததைவிட என் மேல்தான் கோபம் ஜாஸ்தி.

நீ மெஸ் சாப்பாட்டை நம்பிப் பட்டினி கிடக்காதே. போன பார்சலில் வைத்த பருப்புப் பொடி தீர்ந்திருந்தால் எழுது. காதை மூடிக்கொள்ளாமல் சைக்கிளில் போகாதே, குளிர் காற்று உனக்கு ஆகாது. அண்ணாமலையார் துணை. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
சந்திரகலா

பி.கு: இதை மேலே எழுதக் கை வரவில்லை. அந்தப் படத்தைச் சின்னதாகப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், நீயும் அளந்து பார். படத்தை நீயே போட்டதாக அப்பாவுக்கு எழுதச் சொல்லலாம் என்றுதான் முதலில் இருந்தேன், நீ சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. உன் கடிதங்களை அவருக்கு வாசிப்பவளும் நான்தான், நீ எழுதாததை எழுதியதாகவே வாசித்துவிடலாம். இரண்டும் வேண்டாம். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று முடிப்பாயே, அந்த அனைவரும் நான் ஒருத்திதான். கொடியேற்றத்துக்குள் வந்து சேருகிற மாதிரி ஒரு கடிதம் போட்டு, அந்த இடத்தில், சித்தி போட்ட படம் சரி, முருகையனைக் கூப்பிட்டு அதன்படி புள்ளி வைக்கச் சொல்லுங்கள் என்று எழுது. அதை நான் அவர் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும்.