இடது பக்கத்துச் சக்கரம்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி ஒண்ணும் காயல. திருப்பதி ட்ரெயின் இன்னைக்கும் லேட்டு. நான் வேலை பாக்கற ஓட்டல்ல மேனேஜர் மொகத்தைத் தூக்கி வெச்சுக்கினாரு. வெச்சுக்கட்டும்.

சாயங்காலம் நகரிக்குத் திரும்பி வந்தா, நைனா கார் ஷெட்டைத் தொறந்து வெச்சுக்கினு நிக்கிறாரு. தார்ப்பாய் எடுத்தாச்சு. தும்மல்மேல தும்மல் எனக்கு. ஞாயித்துக்கெழமை அத்தை பேத்திக்குத் திருப்பதியில கல்யாணம். பொண்ணு நம்ம கார்லதான் மண்டபத்துக்கு வரணுமாம். தங்கச்சிக்கு வாக்கு குடுத்துட்டாராம். யாரு ஓட்டறதுன்னு கேட்டேன். புத்தூர்ல ஒரு டிரைவரைப் பேசிட்டாராம். தம்பி குமரு பேரையே எடுக்கல.

கப்பல் மாதிரி நீட்டுக் காரு, அமெரிக்காவுல செஞ்சது, நைனா வயசு. சித்தூர்ல ஒரு பெரிய வீட்டுல கோழி உள்ள ஏறி முட்டை போடற கதியில கெடந்துச்சு. நைனா வாங்கிப் போட்டாரு. தம்பி குமரு ரெண்டு வருஷம் அதுக்கடியிலயே படுத்துக் கெடந்து ஓட வெச்சான். கல்யாண ஊர்வலத்துக்கு விட்டோம். நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு.

போன வருஷம் ஆவணி முகூர்த்தம். மாப்ளை வீட்டை ஏத்திக்கினு போறப்ப ரேணிகுண்டா தாண்டி முன்னாடி இடது சக்கரம் கழண்டு வயல்ல போய் விழுந்துச்சு. மாப்ளையோட அக்காவுக்குக் கை முறிஞ்சு போச்சு. மண்டப வாசல்ல அத்தனை பேரு முன்னாடி நைனா சொன்னாரு: "ஒரு நட்டு இறுக்கத் தெரியாதவன் கையில நாலு உசுரைக் குடுத்தேன் பாரு."

குமரு வாயே தொறக்கல. காரை ரிப்பேர் பண்ணான். சக்கரத்தை மாட்டி ஷெட்ல விட்டான். பையை எடுத்துக்கினு ரேணிகுண்டா போனவன்தான். கம்பெனி வேலை, தனி ரூம். தீபாவளி ரெண்டு போச்சு, வரல.

வாங்கணும்: வைப்பர் ரப்பர். பேட்டரித் தண்ணி. எலுமிச்சம்பழம். எனக்கு இருமல் மருந்து.

நவ. 5, புதன்

மழை விட்டு விட்டு. லீவு போட்டேன்.

அதே இடது முன் சக்கரம் தரையோட தரை. ரமணாவைக் கூப்ட்டேன், ஸ்டேஷன் ரோட்டுப் பஞ்சர் கடை. ஸ்பானரைப் போட்டு மேல ஏறி நின்னான். நகரல. பைப் மாட்டி ஏறிக் குதிச்சான். நகரல. "இதி ராதக்கா"ன்னுட்டான். வராதாம். துரு புடிச்சுப் போச்சாம். உளி வெச்சு வெட்டிடலாமான்னு கேக்கறான்.

வெட்டறதாவது. குமருக்குப் போன் போட்டேன். மாசத்துக்கு ஒருக்கா பேசறோம். துன்னியா, தூங்கினியா, அவ்ளோதான். இன்னைக்குக் கார்னு சொன்னதும் குரலே மாறிப் போச்சு. எந்தப் பக்கம்னு கேட்டான். இடதுன்னேன். சிரிச்சுட்டான்.

அந்தக் கார்ல இடது பக்கத்து நட்டுக்கெல்லாம் மரை எதிர்ப்பக்கமாம். வலது பக்கம் ஊர் உலகம் மாதிரி. இடது பக்கம், நம்ம இறுக்கறதுக்குத் திருப்புற பக்கமாத் திருப்பினாத்தான் கழலும். ஓடறப்ப நட்டு தானா லூசாவக் கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படிச் செஞ்சானாம். போல்ட்டு முனையில 'எல்'னு எழுத்து கூட இருக்காம். துடைச்சுப் பாத்தேன். இருக்கு. ரமணா மாத்தித் திருப்பினான். ஒரே மிதி, வந்துடுச்சு. அதுவரைக்கும் குதிச்சுக் குதிச்சு இறுக்கிக்கினு இருந்திருக்கான் பாவி. "இந்தக் காரு செஞ்சவனுக்கே மரை கழண்டு போச்சக்கா" ன்னான்.

போனை வெக்கறதுக்கு முன்னாடி குமரு கேட்டான், நைனா பக்கத்துல இருக்காரான்னு. தறிக் கொட்டாய்ல இருக்காருன்னேன்.

"ஞாயித்துக்கெழமை கெளம்பறப்ப கடைசியா நீ ஒரு தடவ பாருக்கா. எல்லாரும் பாத்ததுக்கப்புறம், கடைசியா."

அதென்ன கடைசியா? கேக்கறதுக்குள்ள வெச்சுட்டான்.

நவ. 7, வெள்ளி

வெயில். துணி காஞ்சுது. மத்ததெல்லாம் தலைகீழ்.

புத்தூர் டிரைவர் காலையில வந்தாரு, ஓட்டிப் பாக்க. நெத்தி நெறைய விபூதி, நல்ல மனுஷன். கெளம்பப் போறப்ப நைனா ஸ்பானரோட வராரு. தறிக்காரர் புத்தி. நாப்பது வருஷமா காலையில தறி ஓட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு இறுக்கு வெப்பாரு. தறி அதுர்ற அதுர்ச்சிக்கு நட்டு நிக்காது. "ராத்திரி இறுக்கினதை காலையில நம்பாதே"ன்னு வேலையாளுங்க கிட்ட சொல்லிக்கினே இருப்பாரு. நகரியில எல்லாத் தறி மொதலாளிக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அதே மாதிரிக் கார்லயும். நட்டுக்கு ஒரு மிதி.

வலது பக்கம் மிதிச்சாரு. எதுவும் அசையல. இடது பக்கம் வந்தாரு. மிதிச்சாரு. டக்குன்னு ஒரு சத்தம், நட்டு கொஞ்சம் போச்சு. அடுத்தது, டக். அடுத்ததும்.

நிமிந்து பாத்து என்கிட்ட சொல்றாரு: "பாத்தியா, எல்லாம் லூசாக் கெடந்துச்சு. ரமணாவும் உன் தம்பி மாதிரிதான்."

இறுக்கினதை ஒண்ணொண்ணாத் தளத்திக்கினு இருக்காரு மனுஷன். சக்கரம் கழண்ட அன்னைக்கும் இதைத்தான் செஞ்சிருக்காரு.

டிரைவருக்கு டீ வாங்கித் தரச் சொல்லி ரெண்டு பேரையும் அனுப்பினேன். திரும்ப எதிர்ப்பக்கம் இறுக்கினேன். புடவை பூரா கிரீஸ். அப்புறம் கொட்டாய்ப் பின்னாடி போய் நின்னுக்கினு குமருக்குப் போன்.

"உனக்குத் தெரியுமாடா?"

சொன்னான். அன்னைக்குக் காலையில அவன் குளிச்சுட்டு வரப்ப, என்னைக்கும் இல்லாம நைனா கையில ஸ்பானர் இருந்துச்சாம். அப்ப ஒண்ணும் தோணல. ரோட்ல நட்டு பொறுக்கறப்பதான் தோணுச்சாம். அப்ப ஏன்டா வாய்ல கொழுக்கட்டை வெச்சுக்கினு நின்னன்னு கத்தினேன்.

"நான் ஓட்டறேன்னு பயந்துதானேக்கா இறுக்கினாரு. எனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு. அதைப் போய் அவர்கிட்ட எப்படிச் சொல்றது? என்னைத் திட்டினா நான் தாங்கிக்குவேன். அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

சொல்லாதேன்னு சத்தியம் கேட்டான். நான் பண்ணல. பண்ணாமயே வெச்சுட்டேன்.

நவ. 8, சனி

மேகம். தலைவலி. ஓட்டலுக்குப் போய் ரெண்டு ரூம் சாவியை மாத்திக் குடுத்துட்டேன்.

ட்ரெயின் பூரா யோசனை. சொல்லாம விட்டா என்ன? நாளைக்கும் மிதிப்பாரு. நாளைக்கு நான் இருக்கேன், திரும்ப இறுக்கிடுவேன். அப்புறம்? ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நான் ஓடணுமா? சரி, காரை வித்துடலாம். வித்தா குமரு வந்துடுவானா? மாட்டான். நட்டு இறுக்கத் தெரியாதவன்ங்கற பேரு அவனோடவே போவும். பொண்ணு பாக்கப் போன எடத்துல கூட அதைக் கேட்டாங்க.

சொன்னா? நைனாவுக்கு எழுபது நெருங்குது. பையனை ஊரு முன்னாடி அவமானப்படுத்துனது தப்புன்னு தெரியறது ஒண்ணு. அந்தச் சக்கரத்தைக் கழட்டினதே தான்தான்னு தெரியறது வேற.

எனக்கு ரெண்டு பேரு மேலயும் கோவம். குமரு மேல ஒரு படி ஜாஸ்தி. பாசமாம். ஒரு வருஷத்துக்கு மேல ஒரே ஆளா நான் இந்த வீட்டுல மூச்சு முட்டிக்கினு கெடக்கறேன். அது யாருக்குத் தெரியுது?

வந்ததும் ஸ்பானரை எடுத்து அரிசி ட்ரம்முக்குள்ள போட்டேன். நைனா வீடு பூரா தேடினாரு. தெரியாதுன்னேன். "போவட்டும், கொட்டாய்ல ஒண்ணு இருக்கு"ன்னுட்டுப் படுத்துட்டாரு. தறிக்காரர் வீட்டுல ஸ்பானரை ஒளிச்சு வெக்கறேன் பாரு, நானும் ஒரு ஆளு.

நவ. 9, ஞாயிறு

விடியக்காலையில மழை நின்னுது. வாசல் பூரா சேறு. கார்ல பூ கட்டியாச்சு, எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. டிரைவர் தேங்காய் உடைக்க ரெடி.

நைனா கொட்டாய் ஸ்பானரோட வந்தாரு. புது வேட்டி. வலது பக்கம் முடிச்சாரு. இடது முன் சக்கரத்துக்கு வந்தாரு. காலைத் தூக்கினாரு.

வாயில வந்துடுச்சு. "நைனா, இந்தப் பக்கம் மரை மாத்தி. நீங்க மிதிச்சா கழலும்."

கிண்டல்னு நெனச்சாரு. 'எல்' எழுத்தைக் காட்டினேன். குந்தினாரு. ஸ்பானரைக் கையால புடிச்சு ஒரு பக்கம் திருப்பினாரு, லூசாச்சு. எதிர்ப்பக்கம் திருப்பினாரு, இறுகிச்சு. மறுபடியும். மறுபடியும். புது வேட்டி சேத்துல. டிரைவர் தேங்காயைக் கையில வெச்சுக்கினு அப்படியே நிக்கறாரு.

"அன்னைக்கும் இந்தச் சக்கரம்தானே?"

ஆமான்னேன்.

"அவனுக்குத் தெரியுமா?"

தெரியும்னேன்.

அவ்ளோதான். நட்டையெல்லாம் அப்படியே விட்டுட்டு எந்திரிச்சாரு. நான் இறுக்கினேன். வேட்டியை மாத்தச் சொன்னேன், காதுல வாங்கல. முன் சீட்ல உக்காந்துக்கினாரு. ஸ்பானர் மடியில.

புத்தூர் தாண்டிட்டோம். அழுவாருன்னு பாத்தேன், அழல. அதுதான் பயமா இருந்துச்சு. ரேணிகுண்டா வந்ததும் ஒரே வார்த்தை, "அவன் ரூமு எங்க?"

முகூர்த்தத்துக்கு லேட்டாவுதுன்னு டிரைவர் முனகினாரு. நான் வழி சொன்னேன்.

ஹாரன் சத்தத்துக்குக் குமரு லுங்கியோட எறங்கி வந்தான். காரைப் பாத்தான். நைனா வேட்டியில சேத்தைப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான் பாரு ஒரு பார்வை. பாத்துக்கட்டும்.

நைனா எறங்கினாரு. என்னென்னவோ சொல்லப் போறாருன்னு நெனச்சேன். ஸ்பானரை அவன் கையில குடுத்தாரு.

"கடைசியா நீ ஒரு தடவ பாருடா."

குமரு குந்திக்கினு நாலு சக்கரமும் பாத்தான். இடது முன் சக்கரத்துல ரொம்ப நேரம் தலையே நிமிரல. நைனா அவன் பின்னாடியே நின்னுக்கினு, முதுகுல ஒட்டியிருந்த நூலை எடுத்து எடுத்துப் போட்டாரு. நூலு ஒண்ணும் இல்ல அங்க.

டிரைவர் பின் சீட்டுக்கு வந்துட்டாரு, என் பக்கத்துல, தேங்காய் மூடியோட. அத்தை வீட்டுல பொண்ணை ஏத்திக்கினு மண்டபம் போறப்ப அரை மணி லேட்டு. அத்தை எங்களைத் திட்டின திட்டு. ஸ்டியரிங்ல குமரு, லுங்கியோட.