சிவப்பு மையில் ஒரு யோசனை

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். நீங்கள் அங்கே அதைவிடச் சுகம் என்பது பார்சலைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் ஜப்பானில் அந்தக் கம்பெனியிலேயே இருக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் வேறொன்று இருக்கிறது.

மகளுக்கு அனுப்பிய கலர் பென்சில் டப்பாவுக்கு அடியில் உங்கள் ஜப்பானிய வகுப்பு நோட்டும் வந்திருக்கிறது. தவறிப்போய் வைத்துவிட்டீர்கள் போல. அந்த மொழியில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதி வைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டே, அது போதுமே! மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் மிஷின் மேலேயே விரித்துப் படித்தேன். அதற்குப் பிறகு தைத்த நான்கு காலரும் கோணல். சூப்பர்வைசர் பிரித்துத் தைக்கச் சொல்லிவிட்டார்.

பாடம், யோசனை சொல்வதும் சிபாரிசு செய்வதும். டீச்சருக்குத் தூக்கம் வரவில்லை என்று வைத்துக்கொண்டு நீங்கள் யோசனை சொல்ல வேண்டுமாம். அடேயப்பா, நீங்கள் எழுதியிருக்கும் பதிலில் என்ன கரிசனம்! சூடாகப் பால் குடித்துப் பார்க்கலாமே. சாயங்காலம் கொஞ்சம் நடந்தால் நல்லது என்று நினைக்கிறேன். ஆற்றோரப் பாதையைச் சிபாரிசு செய்கிறேன், நிழலாக இருக்கும். எனக்கு எட்டு மாதமாக இடுப்பு வலி. போனில் சொன்னதற்கு, டாக்டர்கிட்ட போ என்று இரண்டே வார்த்தை. அந்த மொழியில் கேட்பவர் மனம் நோகாமல்தான் யோசனை சொல்ல வேண்டும் என்று மேலே குறித்து வைத்திருக்கிறீர்கள். பத்து வருஷமாக என்னிடம் அது ஏன் வரவில்லை?

எனக்கு வயிறு எரிகிறது. மறைக்க என்ன இருக்கிறது? பக்கத்து மிஷின் அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். டீச்சருக்கு வயசு என்ன இருக்கும்னு விசாரிச்சியா என்று சிரித்தார். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

கடைசிப் பக்கத்தில், மனதில் நிஜமாகவே இருக்கும் குழப்பத்துக்கு டீச்சரிடம் யோசனை கேட்கும் பயிற்சி. இரண்டு வருஷ விஷயத்தையே எழுதியிருக்கிறீர்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், நான் என்ன செய்தால் நல்லது என்று. அதில் தேதி பன்னிரண்டு. எனக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில் தேதி பதினைந்து. உன் முடிவுதான் என் முடிவு என்று அதில் இருந்ததைப் படித்து எப்படிப் பூரித்துப்போனேன் தெரியுமா? மகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

டீச்சர் சிவப்பு மையில் எழுதிய பதிலுக்கும் கீழே உங்கள் பென்சில் எழுத்து இருக்கிறது. முதலில் மனைவியிடம் கேட்டுப் பார்த்தால் நன்றாயிருக்குமே.

என்னைக் கேட்க வேண்டும் என்பதற்கும் அந்த அம்மாவின் யோசனை தேவைப்பட்டதா? நல்ல மனுஷிதான். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

சரி, கேட்டுவிட்டீர்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள். இங்கே வேலை கிடைக்குமா, குடும்பம் எப்படி ஓடும் என்பதையெல்லாம் நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், சண்டை போட்டாவது.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இந்தக் கடிதத்துக்கு மட்டும் யாரிடமும் யோசனை கேட்காமல், நீங்களாகவே ஒரு பதில் எழுதுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி