நான் ஊதிய இரண்டு விசில்

ஆவடி
18.2.1990

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் குவார்ட்டர்ஸ் மாடிப்படியைப் பார்த்தால் வரும், கடைத்தெருவைப் பார்த்தால் போய்விடும். மஸ்கட்டில் நீயும் ஒரு தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் சாப்பாடு, வெயில் எல்லாம் நாலு பக்கம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், நம்ம டீம் என்னாச்சுப்பா, ரெண்டு லெட்டரா அதப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே என்று கேட்டிருந்தாய். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இப்போது எல்லாம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதால் முழுசாகச் சொல்கிறேன். சிரிக்காமல் படி, சிரித்தாலும் பரவாயில்லை, ஆனால் உன் அறையில் இருக்கும் அந்த மலையாளப் பெண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொல்லாதே.

நீ விமானம் ஏறின வருஷம் நம் அண்ணனூர் யுனைடெட் மூன்றாவது டிவிஷனுக்கு இறங்கியது உனக்குத் தெரியும். போன வருஷம் அதிலும் ஒரு கோல் வித்தியாசத்தில் தப்பித்தோம். இந்த சீசனுக்கு செக்ரட்டரி சம்பத், ரயில்வே கேட் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாரே அவர்தான், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஐயப்பன்தாங்கலிலிருந்து ஒரு புது மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் சுலைமான். பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர், சின்ன வயதில் நன்றாக ஆடியவராம். ஒல்லியான மனுஷர், நாலடி தள்ளி நின்றால் அவர் பேசுவது காதில் விழாது. இவர் வந்த முதல் வாரமே துலுக்கானத்தை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். துலுக்கானம் என்னோடு ஃபேக்டரியில் ஒரே ஷாப்பில் வேலை செய்கிறவன், பதினோரு வருஷம் நம் கேப்டன், நீ நாலாவது படிக்கும்போது உன்னைத் தோளில் உட்கார வைத்துக் கோப்பையைத் தொடவைத்தவன். எனக்கு எப்படி இருந்திருக்கும் நீயே யோசி. அதோடு விட்டாரா, நம் ஆட்டத்தையே மாற்றினார். நம் ஆட்டம் என்ன, கோல்கீப்பர் தூக்கி உதைப்பான், பந்து வானத்துக்குப் போய் இறங்கும், துலுக்கானம் தலையால் முட்டுவான், பாதி நாள் கோல், பாதி நாள் ரயில் பாதை. இவரோ பந்தைத் தரையிலேயே தள்ளித் தள்ளிக் கொண்டுபோக வேண்டும், பின்னாலிருந்தே பாஸ் கொடுக்க வேண்டும் என்றார். நம் பையன்கள் நம் கோலுக்கு எதிரிலேயே பாஸ் கொடுத்து அங்கேயே பறிகொடுத்தார்கள். முதல் ஐந்து ஆட்டத்தில் நாலு தோல்வி. மைதானத்துச் சுவரில் உட்கார்ந்து பார்க்கிற நாங்கள் ஒதைடா, தூக்கி ஒதைடா என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. சம்பத் போய்க் கேட்டதற்கு அவர், ரெண்டு சீசன் டைம் குடு நைனா, அப்பால வந்து கேளு என்றாராம். ரெண்டு சீசனா, எங்களுக்கு ரெண்டு வாரத்துக்கே பொறுமை இல்லை.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தால் பஸ் கிளம்ப வேண்டுமல்லவா, அதே போல ஆட்டம் முடிந்ததும் நாம் எல்லாரும் சேர்ந்து இரண்டு விசில் கொடுத்து இவரைக் கிளப்பிவிடுவோம் என்று. இந்தப் புத்திசாலித்தனம் யாருடையது என்கிறாய், உன் அப்பாவுடையதுதான். திருவிழாக் கடையில் வாங்கின சிவப்பு பிளாஸ்டிக் விசில் ஒன்றை, மற்றவர்களுக்கு ஆட்டம் முடியும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லாமல், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆறாவது ஆட்டத்துக்குப் போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டீம், நல்ல பலமான டீம். நீ நம்ப மாட்டாய், அன்றைக்கு நம் பையன்கள் ஆடினார்கள். பந்து தரையில் சரசரவென்று போகிறது, எண்பது நிமிஷம் வரை கோல் இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, வேர்க்கடலை வாங்குகிற சாக்கில் எழுந்து நம் கோலுக்குப் பின்னால் தனியாகப் போய் நின்றுகொண்டேன். அந்த நேரம் பார்த்து, கோலுக்கு முன்னால் தடுத்து ஆடுகிற நம் ஸ்டாப்பர் ரகுநாதன் காலுக்குப் பந்து வருகிறது. இவனை உனக்குத் தெரியாது, இருபது வயது, ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற நாகம்மாவின் மகன், சுலைமான் கண்டுபிடித்தவன். எதிராளிகள் இரண்டு பேர் பாய்ந்து வருகிறார்கள், இவன் உதைக்காமல் யாருக்குப் பாஸ் கொடுக்கலாம் என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு என்ன ஆனது என்றே தெரியாது ஜெசி, விசில் வாயில் இருந்தது, இரண்டு முறை ஊதிவிட்டேன். ஷெட்டுக்குப் போகிற ரயில் ஒன்று அப்போதுதான் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. பத்தடி தள்ளி நின்ற ரகுநாதனுக்கு மட்டும் கேட்டது. ரெஃபரி ஃபவுல் கொடுத்துவிட்டார் என்று நினைத்துப் பந்தைக் குனிந்து கையில் எடுத்துவிட்டான். பெனால்டி. கோல். தோற்றோம்.

நான் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. இது நடந்து பத்து நாளுக்குள் ஊர் வேறு கதை கட்டிவிட்டது. ரகுநாதன் அந்தக் கம்பெனியில் வேலைக்கு மனுப் போட்டிருந்தானாம், அதனால் வேண்டுமென்றே பந்தைக் கையில் எடுத்துக் கொடுத்தானாம். விசில் கேட்டது என்று அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. டீக்கடையில் பையனை நேருக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அவன் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். சுலைமானும் இதற்கு உடந்தையோ என்று ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி இரண்டு பேரையும் நீக்கிவிடுவது என்று ஏற்பாடு. நான் விரும்பியது நடக்கப் போகிறது, எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. உன் அம்மா ஸ்டேஷன் பக்கம் பூ வாங்கப் போனபோது நாகம்மா முழம் போட்டுக்கொண்டே அழுதிருக்கிறாள், எம்புள்ள அப்டி செய்றவனா தெரசாக்கா, ஊட்ட உட்டு வெளிய வரமாட்டேங்குறான், சாப்புட கூப்ட்டா செவுத்தப் பாத்து திரும்பிக்கிறான் என்று. அம்மா வந்து இதை என்னிடம் சொல்லிவிட்டு, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சிவப்பு விசிலைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். துணி துவைக்கும்போது பையில் கிடைத்ததாம், ஒரு வாரமாக நானே சொல்வேன் என்று காத்திருந்தாளாம். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிக்கலாம்னு இருக்கீங்களா, அவரு டீம்ல ஆடலையே, ஆடுறவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே சம்பத் கடைக்குப் பின்னால் இருக்கும் கிளப் அறைக்குப் போனேன். முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். சுலைமான் ஓரமாக ஒரு ஸ்டூலில், கையைக் கட்டிக்கொண்டு. ஓட்டெடுக்கலாமா என்று சம்பத் கேட்டார். நான் எழுந்து விசிலை மேஜைமேல் வைத்தேன். மேனேஜர பஸ் மாதிரி கெளப்பி உடலாம்னு விசில் வாங்கிக்கினு போயி ஊதினது நான்தான், ரகுநாதன் மேல ஒரு தப்பும் இல்ல, பத்து நாளா தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள், யாரோ திட்டினார்கள், ஒரே கூச்சல். துலுக்கானம் எழுந்தபோதுதான் அடங்கியது. யோவ் பாஸ்கலு, எனக்கோசரம் ஊதுன்னு நான் உன்ன கேட்டனா, முட்டி போயி ரெண்டு வருசம் ஆவுது, நானே அந்தாளாண்ட போயி என்னிய குந்த வைன்னு சொன்னேன், நீங்க செவுத்து மேல குந்திகினு எம்பேரச் சொல்லிக் கத்தச்சொல்லோ எனக்கு எம்மாம் வெக்கமா இருந்துச்சு தெரியுமா என்றான். தினமும் பக்கத்து மெஷினில் நிற்கிறவன், இதை ஒரு நாள் என்னிடம் சொன்னதில்லை. நானும் ஒரு நாள் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஓட்டு என்ற பேச்சே எழவில்லை. என்னை என்ன செய்வது என்று சம்பத் சுலைமானிடம் கேட்டார். அவர் விசிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெஃபரி கை தூக்காம பந்தத் தொடக் கூடாதுன்னு நம்ம பசங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கல, அது என் தப்பு, இவரு தெனம் காலீல ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வந்து இஸ்டத்துக்கு ஊதட்டும், நிக்காம ஆட பசங்க கத்துக்கட்டும் என்று சொல்லி விசிலை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அங்கிருந்து ரகுநாதன் வீட்டுக்குப் போனேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. நாகம்மா என்னை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள், வாங்கட்டும் என்று நின்றேன். பையன் தலையை மட்டும் ஆட்டினான். மன்னித்துவிட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து மைதானத்துக்கு வந்தான், என் பக்கம் பார்க்காமல் ஷூ கட்டினான்.

கமிட்டி கூடினதற்கு மறுநாளிலிருந்து உன் அப்பாவைப் பார்த்திருக்க வேண்டுமே நீ. விடிந்தும் விடியாததுமாக லுங்கிக்கு மேல் ஸ்வெட்டர், வாயில் விசில், மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மரத்துக்குப் பின்னால், கோலுக்குப் பின்னால், ஆள் காதுக்குப் பக்கத்தில் என்று நினைத்த இடத்தில் ஊதினேன். அப்புறம் ஷிஃப்ட்டுக்கு ஓட்டம். முதல் வாரம் ஊதினால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், ரகுநாதன் துள்ளிவிழுவான். மூன்றாவது வாரம் ஒருநாள் நான் அவன் காதோரம் ஊதினேன், அவன் பந்தை என் இரண்டு காலுக்கும் நடுவில் தள்ளி, என்னைச் சுற்றிப் போய் எடுத்துக்கொண்டு, இன்னா அங்கிள், இன்னும் பஸ் கெளம்பலையா என்று கேட்டுக்கொண்டே ஓடினான். நான் மைதானத்தில் நின்று சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, பனி என்று வைத்துக்கொள்.

காலையில் பக்கத்திலிருந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. சுவரிலிருந்து பார்க்கும்போது தப்பு மட்டும்தான் கண்ணில் படும். ஒரே பாஸை அந்த மனுஷர் நாற்பது தடவை போட வைக்கிறார், நாற்பத்தொன்றாவது தடவை சரியாக வந்தால் பேசாமல் நகர்ந்துவிடுகிறார். அதை நான் சுவருக்கு வந்து எங்கள் ஆட்களிடம் சொல்லுவேன், அவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தலைக் குறைத்தார்கள். மீதி ஐந்து ஆட்டத்தில் ஒரு தோல்வி, ஒரு டிரா, ஒரு வெற்றி, மறுபடி ஒரு வெற்றி. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மூன்றாவது டிவிஷனில் தங்கலாம். ஒன்றுக்கு ஒன்று. ரகுநாதன் கடைசி நிமிஷத்தில் தலையால் முட்டினது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இறங்கிவிட்டோம் மகளே, நாலாவது டிவிஷன். ஆனால் ஒருவரும் சுவரிலிருந்து இறங்கிப் போகவில்லை. பையன்கள் மைதானத்தில் படுத்துக் கிடந்தார்கள், நாங்கள் நின்று கைதட்டிக்கொண்டே இருந்தோம். ஜெயித்த நாளில்கூட நாங்கள் அப்படித் தட்டினதில்லை.

இரண்டு நாளில் சுலைமான் ராஜினாமா செய்யப் போகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உடனே நான், துலுக்கானம், சம்பத், இன்னும் இரண்டு பேர், பூந்தமல்லி போய் பஸ் மாறி ஐயப்பன்தாங்கலுக்குப் போனோம். கையில் சாத்துக்குடி, ஒரு ரோஜா மாலை. வழியெல்லாம் எப்படிப் பேசுவது, யார் முதலில் பேசுவது என்று ஒத்திகை. போனால் அவர் வாசலில் குந்திக்கொண்டு எங்கள் பையன்களின் ஷூவை எல்லாம் வரிசையாக வைத்து பிரஷ் போட்டுக்கொண்டிருக்கிறார், அவர் சம்சாரம் கிழிந்த ஜெர்ஸிகளைத் தைத்துக்கொண்டிருக்கிறார். சம்பத் தொண்டையைச் செருமி, நீங்க எங்கள விட்டுப் போகக் கூடாது என்று ஆரம்பித்தார். மனுஷர் தலையைத் தூக்கி எங்கள் ஐந்து பேரையும் மாலையையும் பார்த்தார். யாரு போறது, நான் எங்க போறேன், அந்தப் பசங்களுக்கு எடதுகால் ஒண்ணு கீதுன்னே இப்பத்தான் தெரிஞ்சிகீது, திங்கக்கெழம ஆறு மணிக்கு எல்லாரையும் வரச்சொல்லு என்று சொல்லிவிட்டு அடுத்த ஷூவை எடுத்தார். மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் சம்பத் அவருடைய சம்சாரத்திடம் கொடுத்தார். சேமியா பாயசம் குடித்துவிட்டுத்தான் வந்தோம்.

இவ்வளவுதான் சேதி. அம்மா உன் நல்ல போட்டோ ஒன்று அனுப்பச் சொல்கிறாள், எதற்கு என்று அவள் சொல்லவில்லை, நீயும் கேட்காதே. நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது. ஈஸ்டருக்கு அங்கே கோயிலுக்குப் போக லீவு கேட்டு வை. ஜூலையில் வரும்போது கோல்கீப்பருக்கு நல்ல கையுறை ஒரு ஜோடி மறக்காமல் கொண்டு வா, அளவு பின்பக்கம் வரைந்திருக்கிறேன், அது என் கை, அவனுக்கு இன்னும் ஒரு விரல் நீளம் கூடுதல். மாதா உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும், நல்ல பெயரும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
நாலாவது டிவிஷன் டீமின் ரசிகனான உன் அப்பா,
பாஸ்கல்