நடுவில் ஒரு அடுக்கு

அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இது சண்டைக் கடிதம். நீ தெம்பாக இருந்தால்தான் எனக்கும் வசதி.

போன ஞாயிறு இங்கே டெட்ராய்ட் சர்ச் விருந்துக்கு, நீ சொல்லித் தந்தபடியே பீச் பழத்தை மாவால் மூடி, காப்ளர் சுட்டுக்கொண்டு போனேன். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. சமையற்கட்டை ஆளும் சிஸ்டர் எர்லீன் ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, "ஜார்ஜியாவுல பழக்கஞ்சியத்தான் காப்ளர்னு சொல்வீங்களாம்மா?" என்றாள். மேசையே சிரித்தது. பிறகு அதை யாரும் தொடவில்லை.

பாத்திரம் கழுவும்போது, நம் ஜார்ஜியாப் பக்கத்திலிருந்து வந்த வெர்டெல் காதோடு கேட்டாள்: "பழத்துக்கு நடுவுல ஒரு அடுக்கு மாவத் தனியா சுட்டு வைக்கணுமே, உங்கம்மா சொல்லலையாடி?"

சொல்லவில்லை. நம் ஊர் சர்ச் பெண்கள் செய்முறை கேட்டால் நீ ஏதாவது ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் சொல்வாய். அவர்கள் காப்ளர் நீர்த்துப்போனதைப் பேசி நாம் இருவரும் சிரித்திருக்கிறோம். பெற்ற மகளுக்கும் அதே கதியா? நீ மாவு தேய்க்கும்போதெல்லாம் பழம் உரிக்கச் சொல்லி என்னைப் பின்வாசலுக்கு விரட்டியது இப்போதுதான் உறைக்கிறது.

வெர்டெல் சொன்னபடி மறுபடி சுட்டேன். நன்றாகவே வந்தது. கூப்பிட ஆளில்லாமல் நானே தின்று தீர்த்தேன். ஆனால் அது உன் ருசி இல்லை. இங்கே பீச் கல்லாக இருக்கிறது. நீ பாட்டிலில் போட்டு வைத்திருப்பதில் இரண்டு அனுப்பு. என் கட்டில் போர்வையையும் அனுப்பு.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிடும், முடிக்கிறேன். அந்த ருசிக்காகவாவது நான் ஊருக்கு வருவேன் என்றுதான் மறைத்தாய் என்றால், வா என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

ஓபலின்