மாதா பாட்டு

மார்ச் 15, 1998. ஞாயிறு இரவு.

பூசை முடிந்ததும் கோயிலில் கூட்டம். இத்தனை வருடமாக நாங்கள் போட்ட பாஸ்கா நாடகங்களிலேயே சிறந்த பாட்டு எது, அதை இந்த ஈஸ்டருக்குத் திரும்பப் பாடலாம் என்று பேச்சு. ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லி, கடைசியில் மாதா பாட்டில் வந்து நின்றார்கள். சிலுவையடியில் மகனை மடியில் கிடத்தி மாதா பாடுவது.

"நம்ம அருளு பாடுனது. பொம்பளைக் குரல் அப்படியே வரும்ல," என்றார் உபதேசியார்.

அருள் சேலை கட்டி உதட்டை மட்டும்தான் அசைத்தான். திரைக்குப் பின்னால் நின்று பாடியது நான். அப்போதெல்லாம் பெண்கள் மேடை ஏறுவதில்லை. வெளியே சொல்லக் கூடாது என்று நாடக வாத்தியார் எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

வத்தலக்குண்டிலிருந்து மனைவியோடு வந்திருந்த அருளைப் பாடச் சொன்னார்கள். "தொண்டை கட்டியிருக்கு," என்று உட்கார்ந்துவிட்டான். பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை.

நான் சைக்கிளை எடுக்கும்போது அருகில் வந்தான்.

"நீ பின்னாடி மூச்சு இழுக்குற சத்தத்தக் கேட்டுத்தான் நான் வாயத் தொறப்பேன், லூர்து. இப்பவும் எங்க பாட்டுக் கேட்டாலும் மொதல்ல அந்த மூச்சத்தான் தேடுறேன்."

அதற்குள் பஸ் வந்துவிட்டதாக அவன் மனைவி கூப்பிட்டாள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, பாடப் போவதுபோல் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

"என்ன, பெருமூச்சு விடுற?" என்றார் இவர், கட்டிலிலிருந்து.

ஒன்றுமில்லை என்றேன். லைட்டை அணைக்கச் சொல்கிறார்.